காகிதத்தில் இருந்த பெயர்

என் வீட்டுக்காரர் முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். அந்த முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த நிதானம் எவ்வளவு பெரிய தொல்லை என்று அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்குத்தான் தெரியும். டீ ஆற்றினால் நிதானம், கதவைச் சாத்தினால் நிதானம், ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினால் கடைசிப் பந்தியில் இலை எடுக்கிற நேரத்துக்குத்தான் போய்ச் சேருவோம். அவர் வண்டியில் ஏறுகிறவர்கள், "முட்டைக் கூடையை மடியில வெச்சுக்கிட்டுத் தூங்கலாம்" என்பார்கள். அதனால் டிப்போவில் அவருக்கு முட்டை டிரைவர் என்றே பேர் வந்துவிட்டது. கேலிதான், ஆனால் மனிதர் அதற்கும் சிரிப்பார்.

விபத்தில்லாமல் ஓட்டியவர்களை டிப்போவில் வருடா வருடம் கூப்பிட்டு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுப்பார்கள். "அடுத்த வருஷமாவது ஒரு குக்கர் கேளுங்க, வீட்டுல டம்ளர் வைக்க இடமில்ல" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். வேறு என்ன சொத்து இருந்தது அவருக்கு? குடியிருந்தது வாடகை வீடு. படிப்பு எட்டாவது. பேசவும் தெரியாது, நாலு பேர் இருக்கிற இடத்தில் தூணோடு தூணாக நின்றுகொள்வார். இடிக்காதவன் என்கிற அந்த ஒரு பேர்தான் அவர் சம்பாதித்தது. அதைத் தொட்டால் அவரிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

ஸ்டியரிங்கை இன்னொருத்தர் தொட விடமாட்டார். ஒருமுறை டிப்போ மேனேஜர், "கொஞ்சம் தள்ளி நிறுத்திடறேன்" என்று இவர் வண்டியில் ஏறப் போனாராம். இவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விட்டார். அதற்கு மெமோ வந்தது. அதையும் மடித்து வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போய் ஆறு வருடம். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு பேக்கரியில் வேலை. விடியற்காலையில் வேனில் ரொட்டி ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டுவிட்டு வர வேண்டும். அந்த வேலைக்காகவே விழுந்து எழுந்து அந்த நாட்டு லைசென்ஸ் வாங்கியிருந்தான். வாங்கி எட்டு மாதம். நல்ல பையன்தான், குடி கிடையாது, பெண்டாட்டி மேல் கை நீட்டமாட்டான். ஆனால் நாலு பேர் தன்னைப் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டும், அந்த ஆசை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

இவர் ரிட்டயர் ஆனதும் மூன்று வாரம் அங்கே போயிருந்தோம். பேத்திக்கு நாலு வயது. அவளை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். தாத்தாவும் அவளும் ஒட்டினால் பிரிக்க முடியாது. அவர் என்னிடம் ஒரு வருடத்தில் பேசுவதை அவளிடம் ஒரு நாளில் பேசிவிடுவார்.

நாலு நாள் கார் எடுத்துக்கொண்டு சுற்றிவிட்டு வரலாம் என்றான் மாப்பிள்ளை. லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகாதவர்களுக்கு அங்கே வாடகைக் கார் கிடையாது. அது அவனுக்கு முன்னாடியே தெரியும். அதனால்தான் கிளம்புவதற்கு முன்பே, "மாமா, வெளிநாட்டுல ஓட்டற பர்மிட் ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க. பென்ஷன் பேங்க்ல கிரெடிட் கார்டு குடுத்தாங்களே, அதையும் எடுத்துட்டு வாங்க" என்று போனில் சொல்லியிருந்தான். அந்தக் கார்டை பேங்க் மேனேஜர் இவர் தலையில் கட்டியது. உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் கிடந்தது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கடை. கவுன்டரில் கழுத்தில் துணி சுற்றிய ஒரு பெண். கம்ப்யூட்டரில் பார்த்த வாடகை ஒன்று, அவள் வாயால் சொன்ன வாடகை வேறு. குழந்தை உட்கார சீட் வேண்டுமா, தினம் இவ்வளவு. ஸ்டேஷன் பக்கத்தில் வந்து எடுக்கிறீர்களா, அதற்கு இவ்வளவு. டேங்க்கை நிரப்பாமல் திருப்பினால் தனி, மணலோடு திருப்பினால் தனி. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நின்றதற்கும் போட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அதற்கு மேல் முழு இன்ஷூரன்ஸ் என்று ஒன்று.

"அது எடுத்தா ஒரு கீறலுக்கும் நாம பொறுப்பில்ல மாமா. எடுக்கலைன்னா, ஏதாவது ஆச்சுன்னா காருக்கு ஆகற செலவுல முதல் பங்கு நம்ம தலையில விழும். எல்லாம் கமிஷனுக்காகச் சொல்றாங்க. நீங்க ஓட்டி என்ன ஆகப்போகுது?" என்றான் மாப்பிள்ளை.

இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வேண்டாம்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றார்.

கடைசியில் அந்தப் பெண் ஒரு இடத்தைப் பேனாவால் தட்டித் தட்டிக் காட்டினாள். அங்கே மட்டும் இரண்டு கையெழுத்து. "என்னவாம்?" என்று இவர் கேட்டார். காகிதத்தில் பேர் இல்லாதவர் ஓட்டினால் எந்த இன்ஷூரன்ஸும் செல்லாது, இடிபட்டவர்களுக்கு ஆகிற செலவு உட்பட எல்லாம் நம் பொறுப்பு என்று மாப்பிள்ளைதான் தமிழில் சொன்னான். எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. தெரியாது என்று எங்களில் ஒருத்தரும் சொல்ல முடியாது.

பிறகு இவர் காரைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். ஏழு கீறல் கண்டுபிடித்து ஏழையும் அந்தப் பெண்ணை எழுத வைத்தார். அவள் இவருடைய லைசென்ஸில் வருடத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஓட்ட ஆரம்பிச்சுட்டீங்களேன்னு கேக்கறாங்கப்பா" என்றாள் மகள்.

அன்றைக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மூன்று நாள் ஓட்டினார். ஸ்டியரிங் இடது பக்கம், சாலையில் வலது பக்கம். கியர் போடுகிறேன் என்று பழக்கதோஷத்தில் இடது கையால் கதவைத் தடவுவார். அந்தக் காரில் கியரே கிடையாது. நாங்கள் சிரிக்க, அவரும் சிரிப்பார். வளைவு வந்தால் அரை மைலுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பார். பின்னால் வருகிறவன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பான். "போறவன் போகட்டும்" என்பார். மாப்பிள்ளைக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

நாலாம் நாள் திரும்பும் வழியில் பேக்கரி முதலாளி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். மாப்பிள்ளை தலையை வாரிக்கொண்டு வந்தான்.

"மாமா, சாவியக் குடுங்க. கொஞ்ச தூரம்தான், நான் ஓட்டறேன்."

"பேர் இல்லையே மாப்பிள்ளை."

"பத்து நிமிஷம் மாமா. யாரு பார்க்கப் போறா? முதலாளி வாசல்ல நிப்பாரு. நான் பக்கத்து சீட்ல இருந்து இறங்கினா நல்லாவா இருக்கும்? தினமும் அவர் வேனத்தானே ஓட்டறேன்."

இவர் சாவியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணைக் காட்டினேன், கொடுங்கள் என்று. மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொன்னால் மகள் முகம் வாடுமே என்றுதான் அப்போது என் புத்தியில் ஓடியது. மேனேஜருக்கே கொடுக்காத சாவி. என் கண்ணால் கொடுக்க வைத்தேன்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரவுண்டானா. மாப்பிள்ளை ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு வீட்டு நம்பரைத் தேடினான். "மாப்பிள்ளை, சைக்கிள்" என்றார் இவர். அதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. தபால் கொடுக்கும் ஒரு பெண். சைக்கிள் எங்கள் கார் சக்கரத்துக்கு அடியில், கடிதங்கள் சாலை முழுக்க. அந்தப் பெண் கத்தக்கூட இல்லை, தன் காலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஐயோ, அந்தக் கால் திரும்பியிருந்த விதம்.

முதலில் இறங்கி ஓடியது இவர்தான். முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவள் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டிப்போவில் கற்றுக்கொடுத்தது. பாஷை தெரியாது, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சாலை ஓரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சு, எல்லாம் போச்சு" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. லைசென்ஸ் போனால் வேலை போகும், வேலை போனால் அந்த நாட்டில் இருக்க முடியாது. இரண்டு மாதத்தில் அவர்கள் அங்கே தங்குவதற்கான இருப்புச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

மகள் இவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, பேப்பர்ல உங்க பேருதான் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். நீங்கள் ஓட்டியதாகச் சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. இவர் அவளை நிமிர்ந்து பார்த்தார், சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்.

போலீஸ் வந்தது. அந்த அதிகாரி ஏதோ நீளமாகக் கேட்டார். அதில் டிரைவர் என்கிற ஒரு வார்த்தைதான் எங்களுக்குப் புரிந்தது. இவர் கையைத் தூக்கினார்.

"ஏங்க" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள், ஊதினார். வாழ்நாளில் பீடிகூடக் குடிக்காத மனிதர்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பார்கள் என்று தெரிந்ததும் இவர் கட்டிலில் உட்கார்ந்து பாடம் படிக்க ஆரம்பித்தார். என்ன தப்புச் செய்ததாகச் சொல்வது என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

"கண்ணாடி பார்க்கலைன்னு சொல்லட்டுமா?"

"நீங்களா? நான் சொன்னாலே நம்ப மாட்டேன்."

"பின்ன?"

"வெயில் கண்ணுல அடிச்சுதுன்னு சொல்லித் தொலைங்க."

"வெயில் முதுகுப் பக்கம் இருந்துதே." பொய்யிலும் அந்த மனிதருக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். பிறகு, "வயசாயிடுச்சு, பக்கம் குழம்பிப்போச்சுன்னு சொல்லிடறேன். அத யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார்.

"நீங்க எதுக்குங்க சொல்லணும்? ஓட்டினவன் சொல்லட்டும். கல்லு மாதிரி உக்காந்திருக்கான்!" என்று அடுத்த அறைக்குக் கேட்கட்டும் என்றேதான் கத்தினேன்.

"மெதுவாப் பேசு. குடும்பமே தெருவுக்கு வந்துடும். நான்தானே சாவி குடுத்தேன்."

அடுத்த நாள் அவரை மாப்பிள்ளை இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குக் கூட்டிப் போனான். அவர்கள் கிளம்பிய பிறகு மகள் சமையலறையில் அழுதுகொண்டே, "அம்மா, நாளைக்கு வீட்டுக்கு வர்றாங்களாம். குட்டிகிட்ட கேட்டுட்டாங்கன்னா?" என்றாள். குட்டிக்குச் சொல்லிக்கொடுக்க மகளுக்கு மனம் வரவில்லை. நான் குட்டியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"கார் யாருடா கண்ணு ஓட்டினது?"

"அப்பா."

"இல்லடா, தாத்தா."

"தாத்தா எனக்கு முன்னாடி சீட்ல இருந்தாரு. அப்பாதான் ஓட்டினாரு." நாலு வயசுக்கு எவ்வளவு தெளிவு பாருங்கள். கோபத்தில் கை காலெல்லாம் உதைத்தாள். நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். தாத்தா என்றால் ஒன்று, அப்பா என்றால் கிடையாது. சாயங்காலத்துக்குள் கேட்கிறபோதெல்லாம் தாத்தா என்றாள். கிளிப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் வராது. இவர் திரும்பி வந்தபோது அவள் தூங்கியிருந்தாள். பிஸ்கட் சங்கதியை நான் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் வந்த அதிகாரி குட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்னத்தைக் கிள்ளி ஒரு ஸ்டிக்கர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். என்னைத்தான் கேட்டார். போனில் தமிழ் பேசும் ஒரு பெண் மொழிபெயர்த்தாள்.

"வண்டி ஓட்டினது யாருன்னு நீங்க பார்த்தீங்களாம்மா?"

பார்க்காமல் என்ன? அந்தப் பின்மண்டை, புதிதாக வாரிய தலை, கையில் இருந்த போன், எல்லாம் கண்ணில் நிற்கிறது. உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். கதவு இடுக்கில் மகளின் சேலைத் தலைப்பு தெரிந்தது.

"என் வீட்டுக்காரர்தான்" என்றேன்.

"அவருக்கு இதுக்கு முன்னாடி விபத்து ஏதாவது உண்டாம்மா?"

"இல்லை" என்றேன். போதும் என்றுவிட்டு எழுந்து போய் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்றுதான் மாப்பிள்ளை சொன்னான். தபால்காரப் பெண்ணின் ஆஸ்பத்திரிச் செலவை இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. கார் செலவில் முதல் பங்கு, இழுத்துப் போன வண்டி, கார் ஓடாமல் நின்ற நாட்களின் வாடகை, இதையெல்லாம் எழுதிக் கணக்குப் போட்டதற்கு ஒரு கட்டணம் என்று இவர் கார்டில் மாதக்கணக்காக வெட்டினார்கள். பென்ஷனில் அடைத்தோம், அது போகட்டும். கவனக்குறைவாக ஓட்டியதாக அபராதம் போட்டு இவர் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் அவர் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. படிக்கத் தெரியாத பாஷையில் இருந்த அந்தக் கடிதத்தை எத்தனை தடவை கையில் எடுத்துப் பார்த்தார் என்று எனக்குத்தான் தெரியும்.

அங்கிருந்து ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை வேலை இருக்கிறது என்றுவிட்டான். மகள் கூட்டிப் போனாள். இடுப்பு வரைக்கும் கட்டு. இனிமேல் சைக்கிள் மிதிக்க முடியாதாம், தபால் வேலையும் கிடையாதாம். அவள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். மகள் மொழிபெயர்க்காமல் நின்றாள்.

"சொல்லும்மா" என்றார் இவர்.

"உங்க மேல கோபம் இல்லையாம். விட்டுட்டு ஓடாம என் தலையப் பிடிச்சுக்கிட்டீங்களேன்னு சொல்றாங்க. ஆனா... இந்த வயசுல இனி ஓட்டாதீங்கன்னு சொல்றாங்கப்பா."

இவர் தலையாட்டினார். ஒரு குற்றவாளி எப்படி ஆட்டுவானோ அப்படி.

ஊருக்கு வந்த பிறகு டிப்போ பக்கம் போவதை விட்டுவிட்டார். பழைய கண்டக்டர்கள் வந்து, "அண்ணே, வெளிநாட்டுல கார் ஓட்டினீங்களாமே, எப்படி?" என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். நான்தான், "அவருக்குத் தலைவலி" என்பேன். சாப்பாடு குறைந்தது. "உள்ளத யார்கிட்டயாவது சொல்லித் தொலைங்களேன்" என்று சண்டை போடுவேன். "சொல்லி? அங்க கேஸ் திரும்ப வந்தா?" என்பார். அவர் சொன்னது சரிதான், அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை குட்டி வீடியோ போனில் வரும்போது மட்டும் பழைய மனிதராக இருப்பார். சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவார்.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவுக்கு வருகிறோம் என்றார்கள். இருப்புச் சீட்டு புதுப்பித்தாகிவிட்டது, மாப்பிள்ளைக்குச் சம்பளமும் கூடியிருக்கிறது. இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"தாத்தா கார் எடுத்துக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வர்றேன்டா கண்ணு. உன்ன முன்னாடி வெச்சு..."

குட்டியின் முகம் சுருங்கியது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா ஓட்ட வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு. தாத்தா அந்த ஆன்ட்டிய இடிச்சுட்டாரு. அப்பா ஓட்டட்டும்."

மாப்பிள்ளை சட்டென்று படத்தில் இருந்து நகர்ந்துவிட்டான். மகள் குனிந்து குட்டியின் தலைமுடியைச் சரி செய்தாள். "பெரியவங்கள அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்றாள். அப்படிச் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னாளே தவிர, அது அப்படி இல்லை என்று சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன். இவர் என் கையை அழுத்திப் பிடித்தார்.

"சரிடா கண்ணு, தாத்தா ஓட்டல. நீ பயப்படாத" என்றார்.

போனை வைத்த பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யார் என்ன வேணா நினைச்சுக்கட்டும்னு இருந்தேன். குழந்தை கூடவே இருந்துச்சே, எல்லாத்தையும் பார்த்துச்சே, அதுக்குத் தெரியும்னு ஒரு தைரியம் இருந்துச்சு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு எப்படி மறந்துச்சு? ஏம்மா, குழந்தைங்க அவ்வளவு சீக்கிரமா மறந்துடுமா?"

"மறந்துடுங்க, சின்னப் பிள்ளைதானே" என்றேன்.